மாமா கேட்ட நாற்பது சீடிகள்

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர்கள், "நல்லதாக நாலு வரி" என்று சொல்லித்தான் கேட்டார்கள். அண்ணாவைப் பற்றி எழுத என்னிடம் நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. மற்றவர்களைப் பற்றித்தான் கொஞ்சம் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் அதையும் வாசிக்கட்டும்.

அண்ணா பிறந்தது கோண்டாவிலில். எங்களைப் பெற்ற ஐயா இறந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஓர் அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்தார். பல வேலைகள் பார்த்தபின், அறையின் முன்பாதியில் ஒரு கம்பியூட்டரும், ஒரே தடவையில் ஏழு சீடி பதியும் பெட்டியும், ஒரு பிரிண்டரும் வைத்தார். சண்டைக்காலம். வெளிநாட்டுச் சொந்தங்கள் வரப் பயந்தார்கள். ஆகவே கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் சீடியில் ஏறிக் கனடாவுக்கும் லண்டனுக்கும் போயின.

எங்கள் உறவினர் இதை ஒரு தொழிலாகவே மதிக்கவில்லை. "சீடி அடிக்கிறவன்" என்பார்கள். தங்கள் பிள்ளைகளின் உத்தியோகத்தை மட்டும் கேட்காதவர்களுக்கும் விளக்குவார்கள். வட்ட லேபிளை ஒரு மயிரிழை விலக்கி ஒட்டினாலும் சீடி ஓடும்போது அதிர்ந்து படம் நின்றுவிடும். உரித்தெடுத்தால் பதிவும் சேர்ந்து உரிந்துவிடும். அண்ணா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவார். பிறகு ஒவ்வொன்றையும் போட்டு, தொடக்கம், நடு, முடிவு பார்ப்பார். யார் யார் கமரா திரும்பியதும் அழத் தொடங்குகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நான் திறப்பேன்.

அம்மா காலமாகிச் சில வருடங்களில், அவருடைய தமக்கை, எங்கள் பெரியம்மா, பெரியப்பா இருக்கவே சுமங்கலியாகப் போனார். அவர்களுடைய பிள்ளைகள் நால்வரும் வெளிநாட்டில். பெரியம்மாவின் தம்பியான எங்கள் மாமாதான் செத்தவீட்டின் முதலாளி. வீட்டிலிருந்து பொரளைக் கனத்தை மயானம் வரை சவப்பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை, கமராவிலிருந்து முகத்தையும் எடுக்கவில்லை. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். "அங்கை என்னத்தை எடுக்கிறாய்?" என்று மாமா கமராக்காரனை இழுத்துக்கொண்டு போனதால், நான் அந்தப் படத்தில் ஓரிடத்திலும் இல்லை.

நாற்பது சீடி வேண்டும் என்றார் மாமா. லேபிள் மஞ்சளும் சிவப்புமாக இருக்கவேண்டுமாம்.

"மாமா, இந்த நேரத்தில அந்தக் கலர் வேண்டாம். புலிக்கொடி எண்டு நினைப்பாங்கள்."

"அக்கா மஞ்சள் குங்குமத்தோட போனவ. அவவுக்குக் கறுப்பு வெள்ளையிலயோ ஒட்டப்போறாய்? உனக்கு எங்கட மரியாதை என்னெண்டு தெரியாது."

மூத்தவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாத பிள்ளையாக எங்கள் அண்ணா வளர்ந்துவிட்டார். மஞ்சள் நடுவில் பெரியம்மாவின் படம், சுற்றிச் சிவப்புக் கரை. நாற்பதையும் பையில் போட்டுக்கொண்டு, பார்சல் அனுப்பக் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினார்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். மஞ்சள், சிவப்பு, தமிழ் எழுத்து. போட்டுப் பார்த்தால் ஒரு பெட்டியும் சுற்றி அழும் கூட்டமும். அவர்களுக்கு வேறென்ன தோன்றும்? படத்தில் இருக்கிற ஒருவர் அடையாள அட்டையோடு பின்னேரத்துக்குள் வந்து, இது தங்கள் வீட்டுச் செத்தவீடு என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்புவோம் என்று அண்ணாவைக் கொண்டே எனக்குப் போன் எடுப்பித்தார்கள். அந்த நாட்களில் மேலிடத்துக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று எவராலும் சொல்ல முடியாது.

மாமா வீட்டுக்கு ஓடினேன். மாமி கதவைப் பாதி திறந்தார்.

"அவருக்குப் பிரஷர், பிள்ளை. கனடா போறதுக்குக் குடுத்த பேப்பர் எம்பசியில கிடக்கு. இப்ப பொலிசில பேர் பதிஞ்சா எல்லாம் போச்சு."

பின்னால் ரீவியில் கிரிக்கெட் ஓடியது. மாமா யாரையோ அவுட் என்று கத்தினார். பிரஷர்காரர்!

படத்தில் மாமாவின் தோளில் விழுந்து அழுத இன்னும் இரண்டு பேரின் வீடுகளுக்குப் போனேன். ஒரு வீட்டில் ஆளில்லை என்று ஆளே வந்து சொன்னார்.

கடைசியில் பெரியப்பாவிடம் போனேன். எண்பதை நெருங்கியவர். செத்தவீட்டுத் துடக்குக் காத்து வீட்டுக்குள் இருந்தவர். நான் முடிக்கும் முன்பே தடியை எடுத்தார்.

"என்ர மனிசியின்ர படத்தால பெடியனைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்களோ? நட."

சந்தியில் நின்ற ஓட்டோக்காரர் சிங்களவர். ஏற்றிக்கொண்டு போய், உள்ளேயும் கூடவே வந்து, எங்களுக்காகக் கதைத்தார். அதிகாரி சீடியைப் போட்டார். பெரியம்மாவின் முகம் திரையில் வந்தது. பெரியப்பா எழுந்து போய், அந்த முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"இவ என்ர மனிசி. நாப்பத்தாறு வருசம்."

ஓட்டோக்காரர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி படத்தை நிறுத்தினார். சீடிகளை வைத்துக்கொண்டு அண்ணாவை விட்டார்கள்.

அண்ணா மறுபடி நாற்பது அடித்தார், இம்முறை வெள்ளை லேபிளில். மாமா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கலர் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். அண்ணா, "ஓம் மாமா" என்றார். நான் அன்றைக்குக் கத்தாமல் விட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அண்ணா பிறகு சிறுநீரக நோயில் மெலிந்து, பேச்சுக் குறைந்து, வலியை மறைத்தபடியே போனார். இரத்தம் தந்த நண்பர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முறைவைத்து இருந்த அயலவர்க்கும், இன்று இல்லாத பெரியப்பாவுக்கும், அந்த ஓட்டோ ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மற்றவர்களுக்கு இல்லை.

கடைசிக் கிழமையில் அண்ணா என் கையைப் பிடித்து, "அந்தக் கதையை எங்கையும் எழுதிப்போடாதை, தங்கச்சி. மாமா பயந்த மனுசன்" என்றார். அண்ணாவின் சொல்லை நான் தட்டியது இதுதான் முதல் தடவை.

மாமா ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்து, மலரில் தன்னுடைய அனுதாபச் செய்திக்குப் படத்தோடு இடம் ஒதுக்கச் சொல்லியிருந்தார். ஒதுக்கினோம். அந்த இடத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.