வைரம் பாய்ந்த மட்டை

அக்காளைக் கட்டியவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் வீட்டில் எதை வாங்குவதென்றாலும் அவர் வரவேண்டும். உழவு மாடு பார்க்க, நிலைக்கதவுக்கு மரம் எடுக்க, திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் இறக்க. ஏன், கல்லூரியில் நான் எந்தப் படிப்பில் சேர்வது என்று முடிவு செய்யவும் அவர்தான் வெற்றிலையை மென்றபடி வந்து உட்கார்ந்தார். அவர் கண் பட்டால்தான் அப்பாவுக்குப் பொருள் பொருளாகும். அதிலும் மரம் என்றால் கேட்கவே வேண்டாம். அறுத்துப் போட்ட கட்டையை நகத்தால் கீறுவார், மோந்து பார்ப்பார், விரல் முட்டியால் தட்டிக் காதைச் சாய்ப்பார். இதில் வைரம் இவ்வளவு, வெள்ளை இவ்வளவு என்பார். மரத்தின் நடுவில் கறுத்து இறுகிக் கிடப்பதைத்தான் எங்கள் பக்கம் வைரம் என்போம். சுற்றியிருக்கிற வெளுத்த கட்டை பூச்சி தின்ன மட்டும்தான். ஏர், வண்டி, நிலை, மண்வெட்டிக் காம்பு என்று பள்ளத்தாக்கே அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அதே கணக்கில்தான் எனக்கு ஒரு கிரிக்கெட் மட்டையும் வாங்கினார்கள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற காலம். உத்தமபாளையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி அணியில் ஓர் இடம் காலி. அதற்கு நானும் சின்னமனூர்க்காரன் ஒருவனும் போட்டி. அவன் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் ஆடவிட்டுப் பார்த்து முடிவு சொல்வதாக பி.டி. சார் சொல்லிவிட்டார். அவரவர் மட்டையை அவரவர் கொண்டுவர வேண்டும். கல்லூரி மட்டைகளில் மரத்தைவிட டேப்தான் அதிகம் இருந்தது.

அந்த இடம் எனக்கு வேண்டும். அணியில் இருந்தால் மதுரை வரை போய் ஆடலாம். அப்புறம் எங்கே என்று தெரியாது, ஆனால் எங்காவது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே நிமிர்ந்து நடக்க முடியாது தெரியுமா? எங்கள் ஆட்கள் காலம் முழுக்கக் குனிந்தே நடந்து, சாலைக்கு வந்த பிறகும் குனிந்தே நடந்தார்கள். நான் நிமிர்ந்து நிற்க ஒரு மைதானம் கேட்டேன். அவ்வளவுதான்.

மட்டைக்கு அப்பா ஒத்துக்கொண்டார். பணத்தை மட்டும் என் கையில் தரவில்லை. மருமகன் கையில் கொடுத்தார்.

தேனி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடை. கடைக்காரர் மட்டைகளைச் சுவரில் சாய்த்து வரிசையாக நிறுத்தியிருந்தார். எதை எடுப்பது என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் மாதக்கணக்கில் எனக்கு ஓதியிருந்தார். பந்து படுகிற முகம் வெளுத்திருக்க வேண்டும், நார் கோடு போட்ட மாதிரி நேராக ஓட வேண்டும், தூக்கினால் கையில் ஒன்று இருப்பதே கைக்குத் தெரியக் கூடாது. வரிசையின் நடுவில் அப்படி ஒன்று நின்றது. எடுத்தேன். பாலில் நனைத்த வெள்ளை. பந்தால் லேசாகத் தட்டினேன். பந்து துள்ளித் திரும்பி என் நெஞ்சில் வந்து விழுந்தது. வா போகலாம் என்று அது என்னைக் கூப்பிட்டதாகவே நினைத்தேன்.

கூட வந்த மச்சான் அதை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தை முகத்தில் ஊன்றினார். பிறை போல ஒரு தடம் விழுந்தது.

"நகம் இறங்குது மாப்ள. இது கட்டையா, கத்திரிக்காயா?"

கடைக்காரருக்குக் கோபம் வந்தது, தடம் விழுந்த பொருளை இனி யார் வாங்குவார்கள் என்று. மச்சான் காதில் வாங்கவில்லை. வரிசையின் கடைசிக்குப் போனார். அங்கே வருசக்கணக்காக விலைபோகாமல் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. பாதி முகம் செங்கல் நிறம். இந்த மட்டைக்கென்று வெட்டுகிற மரத்தில் வெள்ளைதான் சரக்கு, சிவப்பு கழிவு. எனக்குத் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். மச்சான் நகத்தால் கீறினார்; இறங்கவில்லை. மோந்தார். முகம் மலர்ந்தது. தரகர் மறைத்து வைத்திருந்த நல்ல மாட்டைத் தானே கண்டுபிடித்துவிட்ட மலர்ச்சி.

"வைரம் பாஞ்சிருக்கு."

கனமாக இருக்கிறது மச்சான் என்றேன். கனமில்லாத கட்டை விறகுக்கும் ஆகாது என்றார். இதற்கு வெள்ளைதான் மச்சான் என்றேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, கடைக்காரரைப் பார்த்தார். அந்த மனிதன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்:

"அண்ணனுக்குக் கட்டை தெரியுது."

நாசமாய்ப் போனவன்.

திரும்பி வருகிற பேருந்தில் மட்டையை அவரே முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். ஏறி இறங்குகிற ஆட்களெல்லாம் தொட்டுப் பார்த்தார்கள், அவர் விளக்கம் சொன்னார். வெளியே மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நனைந்துகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் வண்டி அச்சுக்கு விடுவதுபோல விளக்கெண்ணெய் விட்டுத் தேய்த்தார். அது குடித்தது. குடிக்கக் குடிக்க இன்னும் கனத்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கும் வந்துவிட்டார். எல்லைக்கோட்டுப் புளியமரத்தடியில், மடித்துக் கட்டிய வேட்டியோடு.

சின்னமனூர்க்காரன் முதலில் ஆடினான். என்னைவிடப் பெரிய ஆட்டக்காரன் இல்லை, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் அவன் மட்டை அவன் நினைப்புக்கு முன்னால் ஓடியது. பிறகு நான். முதல் பந்து தோளுயரத்துக்கு எழுந்தது. நன்றாகப் பார்த்தேன், தையலோடு பார்த்தேன், அது எங்கே போய் விழ வேண்டும் என்பதையும் பார்த்துவிட்டேன். மட்டை வரவில்லை. பந்து போன பிறகு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது ஸ்டம்பைப் பெயர்த்தது.

பி.டி. சார் இரக்கப்பட்டார். கை பின்தங்குகிறது, வேறு மட்டை வாங்கி இன்னொரு ஓவர் ஆடு என்றார். அங்கே உருப்படியான மட்டை இன்னொன்றுதான் இருந்தது. சின்னமனூர்க்காரனிடம் போய் நின்றேன். அவன் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"உனக்குக் கனமா இருந்தா வாங்கிக் குடுத்தவகளப் போய்க் கேளு. அந்தா புளியமரத்துக்கிட்ட நிக்கிறாகள்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதே சிவப்புக் கட்டையோடு திரும்பவும் ஆடப் போனேன். இரண்டாவது தடவையும் ஸ்டம்பு போயிற்று. இடம் அவனுக்கு.

புளியமரத்தை நோக்கி நடந்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். என் கையிலிருந்து மட்டையை வாங்கி, முகத்தைத் திருப்பி, விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"கட்டைக்கு ஒண்ணும் ஆகலல்ல?"

அதற்குப் பிறகு நான் மட்டையைத் தொடவில்லை. அவரோடு பேசுவதையும் விட்டேன். குடும்ப விசேஷங்களில் அவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் நான் இரண்டாவது பந்தி. அக்கா அழுது பார்த்தாள், அப்பா திட்டிப் பார்த்தார். ஒரு மட்டைக்காகவா என்று ஊரே கேட்டது. ஆமாம், ஒரு மட்டைக்காகத்தான்.

பத்து வருசத்துக்கு மேல் ஓடியபிறகு, அக்கா மகள் சடங்குக்குத் தாய்மாமனாகப் போயே ஆகவேண்டி வந்தது. வீட்டுக்குப் பின்னால் அவர் பந்தலுக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். கையில் என் மட்டை. கறுத்துப்போயிருந்தது. என்னைக் கண்டதும், நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல அதைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா மாப்ள, அன்னைக்கிருந்து இங்கன முளையடிக்கிறது இதாலதான். ஒரு கீறல் இல்ல."

இத்தனை வருசம் வாய்க்குள்ளேயே கிடந்து புளித்துப்போனதைத் துப்பினேன். "பேட்டுக்கு வைரம் ஆகாது மச்சான். வெள்ளைக் கட்டைதான் வேணும். உங்களாலதான் எனக்கு அந்த இடம் போச்சு."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அப்ப அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன்."

"சொல்றதக் காதுல விழுகுறாப்ல சொல்லணும் மாப்ள."

சொல்லிவிட்டு முளைப்பக்கம் திரும்பினார். மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கினார். முளை ஒரே அடியில் இறங்கியது.