உத்திரத்தில் கட்டிய முடிச்சு

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எழுபத்து நான்காம் வருடம் வைகாசியில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் புது வீட்டுக்கு உத்திரம் ஏற்றினோம். வழக்கப்படி அம்மா மஞ்சள் துணியைப் பாலில் நனைத்து, நவதானியம் வைத்து முடிந்து, உத்திரத்தின் நடுவில் கட்டினார்.
2. ஆனியில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். வேலை நின்றது.
3. ஒரு வருடம் உத்திரத்துக்கு மேலே பனையோலை மட்டுமே இருந்தது. மழையெல்லாம் ஓலை வழியே உத்திரத்தின்மேல்தான் ஒழுகியது.
4. வருடத் திதி கழிந்ததும் அப்பா ஓடு வேய்ந்தார்.
5. அதற்கடுத்த வாரம் உத்திரத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

நான் கட்டடப் படிப்பில் டிப்ளமோ முடித்தவள். மலைமேல் சித்திரபுரத்தில் அரசுக் குடியிருப்புகள் கட்டும் வேலையில் ஓவர்சியராக இருக்கிறேன். விடுமுறைக்கு வந்தபோதுதான் இந்தச் சத்தத்தைப் பற்றி அறிந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா புது வீட்டுக்குப் போய், உத்திரத்துக்கு நேர் கீழே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வார். அம்மாவின் பெயரைச் சொல்லி எதையாவது பேசுவார். அவர் பேசும்போது மேலே சத்தம் இருக்காது. அவர் நிறுத்தினால் தட்டும். மெல்ல, விரல் நுனியால் கதவைத் தட்டுவதுபோல. நான் வாசற்படியில் நின்று கேட்டேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மரத்துக்குள் பூச்சி இருந்தால் தட்டும், ஆள் குரல் கேட்டால் அடங்கும் என்று படித்திருக்கிறேன். அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு உத்திரத்தின் இரு முனைக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். நடுப்பகுதி நூலுக்குக் கீழே இறங்கியிருந்தது. சரியாக அந்த முடிச்சு இருந்த இடத்தில்.

"அப்பா, உத்திரம் எறங்கியிருக்குதுங்க. முடிச்ச அவுத்துப் பாக்கோணும்."

"மலையில கவர்மெண்டு ஊட்டுக்கு நூலு புடிச்சது பத்தாதா அம்மிணி? இங்கயும் வந்துட்டயா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "உங்கொம்மா கையில கட்டுனது அது. குடி போறவரைக்கும் ஆரும் தொடப்படாது. அவ தட்டறா. உனக்குக் கேக்கலீன்னா கம்முனு இரு."

எனக்குக் கேட்டதுதான் என் பயம். மறுநாளும் கட்டிலை அங்கேயே போட்டார். நானும் போய் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அன்றும் மேலே தட்டியது. வேறு வழி தெரியவில்லை. எங்கள் ஊர் அம்மனைக் கூப்பிட்டேன். "ஆத்தா, நான் சொன்னால் கேட்க மாட்டார். நீ சொல். என் அப்பாவை எனக்கு விட்டுவை."

அப்போதுதான் பூவாக்குத் தோன்றியது. எங்கள் பக்கம் கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் அம்மனிடம் பூக்கேட்போம். அவள் இரு தோளிலும் ஈரப் பூ ஒட்டி வைப்பார்கள். வலப்பூ விழுந்தால் சம்மதம், இடப்பூ விழுந்தால் வேண்டாம் என்று பொருள். உத்திரத்தை இறக்கலாமா என்று கேட்போம், எது விழுந்தாலும் கட்டுப்படுவேன் என்றேன். அம்மனிடம் கேட்பதை அப்பாவால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை போனோம். பண்டாரம் பூ வைத்தார். நான் வலத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. இடப்பக்கமும் விழவில்லை. வெயில் ஏறியது. பூவின் ஈரம் காய்ந்தது. இதழ்கூட அசையவில்லை.

"நான் பசை கிசை போடலீங்கண்ணா," என்றார் பண்டாரம். "ஆத்தா இன்னைக்கு வாயே தொறக்க மாட்டீங்கறா. ஊட்டுக்குப் போயிச் சாப்புட்டுட்டுப் படுத்து எந்திரிச்சு வாங்க."

"அவ சொல்லாம நான் நவுர மாட்டேன்," என்று அப்பா கல்தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆத்தா என்னைக் கைவிட்டாள் என்றே நினைத்தேன். உள்ளுக்குள் அழுதேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பழனியப்பன் ஓடிவந்தபோது மத்தியானம் கடந்திருந்தது.

"அண்ணா! இங்கயா இருக்கறீங்க? ஊட்டுக்குள்ள படுத்திருக்கறீங்கன்னு ஓடெல்லாம் வாரிப் போட்டுத் தேடுனமுங்க!"

எங்கள் பக்கம் எப்போதும் வீசும் மலைக் கணவாய்க் காற்றுகூட அன்று இல்லை. தென்னை ஓலை அசையாத நேரத்தில், உத்திரம் நடுவில் முறிந்து ஓட்டோடு கீழே வந்திருந்தது. கட்டில் தட்டையாகக் கிடந்தது.

முறிந்த இடத்தில் மஞ்சள் துணி இருந்தது. அவிழ்த்தேன். தானியம் இல்லை. கரையான் மண்தான் இருந்தது. ஈரத் தானியத்தைத் தேடி மண்சுவருக்குள்ளேயே ஏறி, துணியின் மறைவில் கரையான்கள் மரத்தின் நெஞ்சைத் தின்றிருக்கின்றன. அதுவரை எனக்குப் புரிந்தது. மரத்தை முழு நீளத்துக்கும் பிளக்கச் சொன்னேன். உள்ளே உயிருள்ள ஒரு பூச்சிகூட இல்லை. மண் காய்ந்து பொடியாகியிருந்தது. அவை போய்ப் பல மாதங்கள் ஆகியிருக்கும். அப்படியானால் முந்தின நாள் மத்தியானம் தட்டியது எது? என் படிப்பில் அதற்குப் பதில் இல்லை.

அப்பா பிளந்த மரத்தைத் தடவிப் பார்த்தார். "கூப்படறான்னு நெனச்சேன் அம்மிணி. எந்திரிச்சுப் போன்னு சொல்லியிருக்கறா," என்றார். அம்மா இறந்த பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதார்.

நான் கேட்டது ஒரு பூ. ஆத்தா பூவைத் தரவில்லை, அப்பாவைத் தந்தாள். அவள் பேசாமல் இருந்த அந்த நேரம் முழுவதும் எங்களைப் பிடித்து வைத்திருந்தாள். இப்போது வேண்டிக்கொள்ளும்போது, இன்னதுதான் வேண்டும் என்று நான் சொல்வதில்லை. கஷ்டத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறேன். கேட்டும் பதில் வரவில்லையே என்று கலங்கியிருக்கும் சகோதரிகளே, நீங்களும் சந்நிதியை விட்டு எழுந்துவிடாதீர்கள்.

புது உத்திரம் ஏறியாகிவிட்டது. முடிச்சைப் பூசை முடிந்த மறுநாளே அவிழ்த்து, தானியத்தைத் தோட்டத்தில் விதைத்தோம். தையில் குடிபோகிறோம். அப்பா சுகமாக இருக்கிறார்.