ராத்தாவின் பிள்ளை கிடக்கும் இடம்

கற்பிட்டிப் பக்கம் எங்கள் பள்ளிவாசலின், இறந்தவர்களை அடக்கும் பழைய மையவாடியைக் கடல் அரிக்கத் தொடங்கியபோது யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கபுறுகள் கடலோடு போவதற்குள் எல்லாவற்றையும் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று பள்ளிவாசல் நிர்வாகத்தார் முடிவெடுத்தார்கள். கல்யாண வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். அதனால் வேலை என்னிடம் வந்தது.

கடலோரமாக ஊர்க்காரர்களின் முன்னோர்கள் கிடந்தார்கள். முருகைக்கல்லில் அரபு எழுத்து வெட்டிய மீசான் கற்கள். தண்ணீர் ஊற்றித் தும்பால் தேய்த்தால் எழுத்து மெல்லத் தெரியும். கிழக்கு மூலையில் எங்கள் ஆட்கள். தொண்ணூறில், யுத்தத்தின்போது, முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து இங்கே மௌத்தானவர்கள். சீக்கிரம் ஊருக்குப் போய்விடுவோம் என்ற நம்பிக்கையில் யாரும் கல் நடவில்லை. நட்ட மரக்கட்டைகளைக் கறையான் தின்றுவிட்டது.

நான் படம் எடுப்பதைக் கேள்விப்பட்டு என் கூடப்பிறந்த ராத்தா தன் புருஷனை, என் மச்சானை, கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் மன்னாருக்குத் திரும்பிப் போக ஆயத்தமாகியிருந்தார்கள். அகதி முகாமில் கழிந்த முதல் மாரியில், வயிற்றோட்டத்தில், அவர்களுடைய மூத்த மகள் மௌத்தானாள். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

"தம்பி, எண்ட புள்ளைட கபுறையும் ஒரு படம் எடுத்துத் தாடா. கொண்டு போறதுக்கு வேற என்ன இருக்கு?"

பெண்கள் உள்ளே வருவதில்லை. ராத்தா மதிலுக்கு வெளியே நின்றாள். நானும் மச்சானும் போனோம். அன்றைக்குப் பிள்ளையை ஏந்திப் போய் அடக்கியவர் அவர்தான். அடையாளத்துக்கு அவர் நினைவில் வைத்திருந்த தென்னையை எப்போதோ தறித்துவிட்டார்கள். ஒரு சின்ன மண்மேட்டின் முன்னால் நின்று, "இதுதான்" என்றார். பிறகு பக்கத்து மேட்டைப் பார்த்தார். "இல்ல, இதாயிருக்கும்." அந்த மாரியில் போன பிள்ளைகள் ஒன்றா இரண்டா? கடைசியில் மணலில் குந்திவிட்டார்.

"எண்ட கையாலதானே வெச்சன், மச்சான்," என்று என்னிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் ராத்தா, "கண்டீங்களா?" என்று அவரைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

நான்தான் சொன்னேன்: "சரியாத் தெரியல்ல, ராத்தா. சின்னக் கபுறு கனக்க இருக்கு."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் மச்சானின் சாரத்தில் ஒட்டியிருந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எல்லாப் புள்ளையளையும் எடு, தம்பி. அதுக்குள்ள அவளும் வருவாள்தானே."

மதில் மேல் ஏறி நின்று, அந்த மூலை முழுவதும் விழும்படி எடுத்தேன்.

அவர்கள் போன நாளில், சாமான் ஏற்றிய லொறியை ராத்தா மையவாடிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள். இறங்கி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. துஆ ஓதினாளோ, மகளோடு கதைத்தாளோ தெரியாது. சாரதி ஒரு தரம் ஹோன் அடித்தான். பிறகு அவனாகவே என்ஜினை நிறுத்திவிட்டான். வெயில் ஏறிய பிறகுதான் அவள் திரும்பி வந்தாள்.

மன்னார் போய்ச் சேரும்வரை அவள் அந்தப் படத்தை மடியிலேயே வைத்திருந்தாள் என்று மச்சான் பிறகு சொன்னார்.