லாரிக்குப் பானை ஸ்பீக்கர் கட்டி மலை சுற்றிய நாள்

பெரிய பேரன் குமரன் ஓசூரில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான், அவனுக்குக் கீழே ஆறு பேர். பேத்தி தேன்மொழி நர்சிங் முடித்து வேலூரில் வேலைக்குப் போகிறாள். அவள் ஊசி போட்டால் வலிப்பதே இல்லை என்று எங்கள் தெருவில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். சின்னவன் அருள் பத்தாவதில் கணக்குக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினான். மீதி இரண்டு எங்கே என்று நான் கேட்கவில்லை, அவன் அப்பன்தான் கேட்டான். மகள் வயிற்றுப் பேத்தி நிலா கபடியில் கப்பு வாங்கியவள். மலை சுற்ற வருகிறவர்களுக்காக இந்த இணையப் பக்கத்தை நடத்துவதும் அவள்தான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இவர்களைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லி ஆரம்பிப்பேன்.

போன வாரம் ஒரு லாரி டிரைவர் தம்பி நிலாவுக்கு எழுதிக் கேட்டிருந்தார். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியிலேயே மலையைச் சுற்றலாமா, கேபினில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை, கையில் காசும் கம்மி, என்ன செய்யலாம் என்று. நிலா என்னிடம் வந்து, "ஆயா, இது உன் கேள்வி" என்றாள். ஆமாம், என் கேள்விதான். எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். விலையெல்லாம் அந்தக் காலத்து விலை.

எங்கள் வீடு மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில். என் வீட்டுக்காரர் ஏழுமலை ஒரு பழைய லாரி ஓட்டினார். லாரி என் மாமியார் பேரில் இருந்தது, ஏனென்றால் அவருடைய நிலத்தை விற்றுத்தான் வாங்கினோம். அதற்கு முந்தின ஐப்பசியில் மெட்ராஸுக்கு வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு போனவர், திண்டிவனம் தாண்டி, விடியும் நேரத்தில் கண் அசந்துவிட்டார். லாரி புளியமரத்தில் ஏறி நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை, இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்து, லாரியும் சரியாகி வந்த பிறகு மாமியார் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்: லாரியை விற்றுவிடலாம், வெள்ளிக்கிழமை செங்கத்திலிருந்து புரோக்கர் வருகிறார்.

வீட்டுக்காரருக்கு லாரியை விட்டால் வேறு தொழில் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை கூழ் குடிக்கும்போது பேச்சை எடுத்தார்.

"பாட்டு இல்லாததாலதாம்மா தூக்கம் வந்துச்சு. இருக்கிற கேசட் செட்டு இஞ்சின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. நல்லா கேக்கற மாதிரி பண்ணிட்டா தூக்கமே வராது."

"பாட்டு கேட்டா தூக்கம் வராதா? தாலாட்டு கேட்டு தூங்கினவன்தானடா நீ."

"அது நீ பாடினது. பயந்துகினு கண்ணை மூடிக்கினேன்."

மாமியாருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்குவதற்குள் குறட்டை விடுகிறவர் அவர். "சரி, டவுனுக்குப் போய் உன் செட்டை மாட்டு. நானும் வரேன். தேரடியிலேர்ந்து வூடு வந்து சேர்ற வரைக்கும் நான் முழிச்சிக்கினு வந்தா லாரி உனுது. என் கண்ணு மூடிச்சுன்னா சாவி புரோக்கருக்கு" என்றார்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். கையில் அறுபது ரூபாய். எங்கள் வீட்டு வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. டவுனுக்குப் போன வழியே திரும்பி வராது. காஞ்சி ரோடு வழியாகப் போனால் ஆறு கிலோமீட்டர், செங்கம் ரோடு வழியாகத் திரும்பினால் எட்டு கிலோமீட்டர், ஆக ஒவ்வொரு தடவையும் மலையை ஒரு சுற்று. மாட்டுவண்டிக் காலத்திலிருந்து அப்படித்தான். மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் டீசல் ஜாஸ்தி ஆகிறதே என்று ஒருநாளும் யாரும் கணக்குப் பார்த்ததில்லை. போகும் வழி முழுக்க மாமியார் திட்டிக்கொண்டே வந்தார். திட்டும்போது யாருக்கும் தூக்கம் வராது.

தேரடிப் பக்கம் ஜாபர் பாய் என்று ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் கடை வைத்திருந்தார். எங்கள் வண்டியில் இருந்த கேசட் செட்டைத் திறந்து பார்த்து, செட்டு நல்ல செட்டுதான், ஸ்பீக்கர்தான் உள்ளங்கை அகலம்கூட இல்லை, அதையும் தகரத்தில் முடுக்கி வைத்திருக்கிறார்கள், பிறகு தகரச் சத்தம் வராமல் என்ன வரும் என்றார். பழைய ரேடியோவில் கழற்றிய ஆறங்குல ஸ்பீக்கர் இரண்டு எடுத்துக் காட்டினார். ஒன்று பதினைந்து ரூபாய். அதற்கு மரப்பெட்டி அடித்தால் இரண்டுக்கும் நாற்பத்தைந்து ஆகும் என்றபோது வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது.

பிறகு அவரே, "பஸ் ஸ்டாண்டு டீக்கடையில பானை மேல ஸ்பீக்கரைக் கவுத்து வெச்சிருக்கான் பாய். மோளம் அடிச்சா வயித்துல அடிக்கிற மாதிரி இருக்குது" என்றார்.

"டீக்கடை ஓடாதுங்க. உங்க லாரி ஓடும். பானை தாங்குமா?"

"ஒண்ணரை ரூபாய்தானே. பாத்துடலாம்."

கடைவீதியில் பானை விற்கிற இடத்துக்கு நானும் மாமியாரும் போனோம். ஸ்பீக்கர் பானைக்குள் விழுந்துவிடக் கூடாது, விளிம்பு பானை வாயில் உட்கார வேண்டும். அதனால் பாய் கொடுத்த நூலில் அளந்து, ஸ்பீக்கரைவிட ஒரு விரல் கம்மியாக வாய் உள்ள பானையாகத் தேடினேன். மாமியார் எனக்கு உதவ வரவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். ஆனால் நான் எடுத்த பானையைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. பிடுங்கி, மடக்கின விரலால் தட்டி, "இது சொத்தைப் பல்லு மாதிரி சத்தம் குடுக்குது, வெச்சிடு" என்று வேறு இரண்டைத் தட்டி எடுத்துக் கொடுத்தார்.

பாய் ஸ்பீக்கரைப் பானை வாயில் வைத்து, பழைய டயர் டியூபை ரிப்பன் மாதிரி வெட்டி இழுத்துக் கட்டினார். சீட்டுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் பானைகளை வைத்தோம். பாட்டைப் போட்டு வண்டியை எடுத்தார் வீட்டுக்காரர். தெரு முனைகூடத் தாண்டவில்லை, ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் "டப்" என்று ஒரு பானை விரிசல் விட்டது.

மாமியார் சிரித்தார். லாரி விற்றாகிவிட்டது என்கிற சிரிப்பு. ஆனால் குனிந்து பார்த்தவருக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்துவிட்டது.

"ஏண்டி, வெறும் இரும்புத் தரையிலயா வெச்சே? பிரிமணை போடாம பானை வெக்கிறவளை இன்னைக்குத்தான் பாக்கறேன். உங்கம்மா வூட்ல பானையை எதும்மேல வெப்பாங்க, உன் தலைமேலயா?"

 வீட்டில் ஒரு சோற்றுப் பானையைக்கூட வைக்கோல் வளையம் இல்லாமல் நான் வைத்ததில்லை. லாரி என்றதும் அது ஏதோ மிஷின் என்று நினைத்து, பானை பானைதான் என்பதை மறந்துவிட்டேன். மாமியார் இறங்கிப் போய், எதிரில் நின்ற மாட்டுவண்டிக்காரரிடம் இரண்டு கை வைக்கோல் கேட்டு வாங்கினார். கடை வாசலிலேயே உட்கார்ந்து முறுக்கி, புரி சுற்றி, பத்து நிமிஷத்தில் இரண்டு பிரிமணை செய்துவிட்டார். அதற்கு மேல் டியூபைச் சுற்றச் சொன்னார். பானையின் கழுத்திலும் ஒரு சுற்று வைக்கோல் வைத்துக் கட்டச் சொன்னார். சந்தைக்கு வண்டி நிறையப் பானை ஏற்றிப் போகிறவர்கள் அப்படித்தான் கட்டுவார்களாம்.

பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, நீங்க எந்தக் கட்சிங்க?" என்றார்.

"பானை கட்சி. போய் இன்னொண்ணு வாங்கியா, நான் தட்டிப் பாக்கணும்."

இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. இஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரும் "ஙொய்ங்" என்று கூடவே அழுதது. பாய் பேட்டரியிலிருந்து செட்டுக்குத் தனி ஒயர் இழுத்தார். எர்த் ஒயரைப் பெயிண்டின் மேல் முடுக்கியிருந்ததைக் கழற்றி, அந்த இடத்தைப் பளபளவென்று சுரண்டிவிட்டு மறுபடி முடுக்கினார். அழுகை நின்றது. ஒயருக்கு நாலு ரூபாய், கூலி எட்டு ரூபாய். இரண்டு ரூபாய் ஐம்பது காசு சாப்பாடு மூன்று வாங்கிச் சாப்பிட்டும் கையில் ஆறு ரூபாய் நின்றது.

மூன்று மணிக்குத் தேரடியிலிருந்து கிளம்பினோம். நையாண்டி மேளம் கேசட். தவில் அடி காதில் விழவில்லை, நேராக இடுப்பில் வந்து விழுந்தது. இஞ்சின் சத்தம் அதன் பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது, நாயனம் அதற்கு மேலே தெளிவாகப் போனது. வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மாமியார் கண்ணை அகல விரித்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜெயித்துவிடுவோம் என்று நினைத்தேன்.

செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் வந்ததும் வீட்டுக்காரர் சத்தத்தைக் குறைத்தார். அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது எங்கள் ஊர் டிரைவர் எல்லாருக்கும் தெரியும். குடை பிடித்துக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரம்மா திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். அதைத் தாண்டி, ரோட்டை விட்டு வலது பக்கம் மலைப் பாதையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் மரம், நல்ல நிழல், காற்று. என் தோளில் ஏதோ கனமாகச் சாய்ந்தது. மாமியாரின் தலை.

 கிள்ளிவிடலாமா என்று கை போனது. "சத்தத்தை ஏத்துங்க" என்று ஜாடை காட்டினேன்.

அவர் ஏற்றவில்லை. "வுடு. ஐப்பசிலேர்ந்து அது வூட்டுலகூட சரியா தூங்கல" என்றார் மெதுவாக. பள்ளம் பார்த்து, பார்த்து, மாட்டுவண்டி மாதிரி ஓட்டினார். வீடு வந்து இஞ்சினை நிறுத்தியதும்தான் மாமியார் விழித்தார்.

"தூங்கிட்டேனா?"

"ம்."

"எங்கேர்ந்து?"

"செங்கம் ரோட்டை வுட்டுத் திரும்பினதுமே."

மாமியார் கையை நீட்டினார். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார். மாமியார் அதை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.  அடுத்த நாள் வீட்டுக்காரர் லாரியைக் கழுவி, பானைகளை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை புரோக்கர் வந்தார். மாமியார் மோர் கொடுத்து உட்காரவைத்து, வண்டி விற்கவில்லை என்று சொன்னார். அந்த மனுஷன் செங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர், கோபம் வராதா? "அப்புறம் என்னாத்துக்கும்மா வரச் சொன்னீங்க?" என்றார்.

"அப்போ பயம் இருந்துச்சு. இவன் ஓட்டறப்போ எனக்கு இப்ப தூக்கம் வருதுப்பா. இன்னா பண்றது?"

புரோக்கர் போனதும் சாவியை மகன் மடியில் போட்டார். "டேய், உன் செட்டு உன்னை முழிக்க வெக்காது. அவ்ளோ நல்லாருக்குது, நானே தூங்கிட்டேன், நீ தூங்க மாட்டியா? பாட்டு கேக்கறதுக்குத்தான். தூக்கம் வந்தா ஓரங்கட்டித் தூங்கணும். சரின்னா ஓட்டு. இல்லன்னா புரோக்கர் இன்னும் பஸ் ஸ்டாப்புலதான் நிப்பான்."

அன்றிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் அவர் லாரி ஓட்டினார், ஒரு கீறல் இல்லை. லோடு லேட்டாகப் போய் ஏச்சு வாங்கியது உண்டு. ஏன் லேட் என்று கேட்டவர்களிடம் எல்லாம் கூசாமல் "தூங்கினேன்" என்றுதான் சொல்லுவார். எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன், இந்த ஒரு வார்த்தையை லோடு முதலாளி முகத்துக்கு நேரே சொன்ன டிரைவர் அவர் ஒருத்தர்தான்.

கேட்ட தம்பிக்குச் சொல்கிறேன். ஸ்பீக்கரைப் புதிதாக வாங்காமல் பழையதில் நல்லதாகத் தேடுங்கள், பானையைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள், பிரிமணை இல்லாமல் வைக்காதீர்கள். செட்டுக்கு பேட்டரியிலிருந்து தனி ஒயர் போடுங்கள், எர்த் வைக்கும் இடத்தைச் சுரண்டுங்கள். மலை சுற்றப் பௌர்ணமியில் வண்டியோடு வர வேண்டாம், அன்றைக்கு அது நடக்கிறவர்களின் பாதை. மற்ற நாளில், வெயிலுக்கு முன்னால் காலையில் வாருங்கள், மலை வலது கைப்பக்கம் இருக்கட்டும், ஆசிரமம் பக்கம் சத்தத்தைக் குறையுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள்.

குமரா, நீயும் இதைப் படிப்பாய் என்று நிலா சொன்னாள். சூப்பர்வைசர் ஆன பிறகு எடுத்த போட்டோ ஒன்று அனுப்பு. போனில் வேண்டாம், நிலா போன் மாற்றினால் அதுவும் போய்விடும். ஸ்டூடியோவில் எடுத்து, கழுவி, தபாலில் போடு. தலையில் தொப்பி இல்லாமல், முகம் தெரிகிற மாதிரி. சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது.