செம்பில் கிடந்த வெள்ளைப் பூ

“18.12.2010, சனி. மார்கழி 3. காலையில் உறைபனி. வேலையிலிருந்து வெள்ளைப் பூச்சாடி ஒன்று கொண்டுவந்தேன். அட்டை கழற்றியாயிற்று. அண்ணைக்குச் சந்தோஷம்.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அட்டையைக் கழற்றியது நான்.

அந்த நத்தார்க் காலத்தில் ஸ்தேன் என்ற பிரெஞ்சுப் புறநகர்ப் பக்கம் ஒரு பெரிய பூக்கன்றுக் கடையில் எனக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாத வேலை கிடைத்திருந்தது. நத்தார் மரங்களை வலைக்குள் இழுத்துக் கட்டுவது, சிவப்பு இலைச் செடிகளைக் குளிர் படாமல் கடதாசியில் சுற்றுவது, அடிபட்ட சாடிகளைப் பொறுக்கி ஒதுக்குவது. ஒதுக்கியதை வேலைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் சாடியில் செருகியிருக்கும் விவர அட்டையை முதலில் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது அதைத் திரும்பக் கொண்டுவந்து காசு கேட்பார்கள் என்று மேலாளருக்குப் பயம். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது அட்டை பிடுங்குவேன். ஒன்றையும் வாசிப்பதில்லை.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரே அறையில் ஏழு வருடமாக என்னோடு இருந்தவரைத்தான் அண்ணை என்கிறேன். கூடப்பிறந்தவர் அல்ல. உணவகமொன்றில் கோப்பை கழுவுகிற வேலை. இதயத்துக்குக் குளிசை எடுப்பவர். மார்கழி முழுவதும் விடிய எழும்பிக் குளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, செம்புத் தண்ணீரில் துளசி போட்டு, மூன்று தரம் உள்ளங்கையில் ஊற்றிக் குடித்த பிறகுதான் தேத்தண்ணியே குடிப்பார். அந்த வருடம் யன்னலோரத்துத் துளசி கார்த்திகைக் குளிரிலேயே கருகிப்போனது.

நான் கொண்டுவந்த சாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நந்தியாவட்டை மாதிரியெல்லே கிடக்கு. இந்தக் குளிருக்கையும் பூக்குது.”

வேலைக்குப் போன முதல் கிழமை நான் சிவப்பு இலைச் செடியொன்று கொண்டுவந்தபோது அவர் அதை வாசலிலேயே மறித்தவர். பால் வடிகிற செடி வீட்டுக்குள் கூடாது என்றார். நானும் அது நஞ்சு, தொட்டால் கை கழுவ வேண்டும் என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். கடைக்கு வருகிற தாய்மார் எல்லோரும் பிள்ளைகளுக்காகக் கேட்பது அந்தச் சிவப்பைப் பற்றித்தான். “பூக்கடைக்குப் போய் டொக்டராகியிட்டாய்” என்று பகிடி பண்ணினார். வெள்ளையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெட்டிப் பார்த்தால் பால் வரவில்லை. அதுவே அவருக்குப் போதும்.

சாடியை யன்னலுக்கு வெளியே கம்பிக்குள் வைத்தோம். காலையில் அது உறைந்து, தண்டுகள் சாடி மண்ணோடு சாய்ந்து, செத்தது போலக் கிடக்கும். பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்து நிற்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்று அப்போது யோசிக்கவில்லை.

விடியப் பறிக்க நேரமில்லை என்று அண்ணை பின்னேரமே துளசிக்குப் பதிலாக அந்தப் பூக்களைப் பறித்துச் செம்புத் தண்ணீரில் போட்டுவிடுவார். இரவு முழுக்க அவை அதிலேயே ஊறும்.

செவ்வாய்க்கிழமை வாய் மிளகு கடித்தது போல எரிகிறது என்றார். பின்னேரம் சத்தி எடுத்தார். உணவகச் சாப்பாட்டைக் குறை சொன்னோம். புதன் காலையும் பூசையை விடவில்லை. அதன் பிறகு கட்டிலில் இருந்தவர் எழும்ப முடியாமல் என்னைக் கூப்பிட்டார். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அவருடைய நாடியைப் பிடித்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் நான் காத்திருக்க வேண்டியிருந்தது. அவசர ஆம்புலன்ஸ் எண்ணான பதினைந்துக்கு அடித்தேன்.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் ஒருவர். நான்தான் மொழிபெயர்ப்பு. குளிசை கூடுதலாக எடுத்தாரா? இல்லை, கிழமைக் குளிசைப் பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தது. மூலிகை, கஷாயம், வேறு ஏதாவது குடித்தாரா?

அண்ணை கண்ணைத் திறக்காமல் சொன்னார்: “ஒண்டுமில்லை. தீர்த்தம் மட்டும்தான்.”

நான் பிரெஞ்சில் “ஒன்றுமில்லை” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சாமித் தண்ணீரை அந்த வெள்ளை வெளிச்சத்தில் நின்று விளங்கப்படுத்தக் கூச்சமாக இருந்தது. டொக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள், 23ஆம் திகதி வியாழன், வேலையில் வெள்ளைப் பூச்சாடிகள் ஒரு வண்டி நிறைய ஒதுக்கியிருந்தார்கள். முதல் அட்டையைப் பிடுங்கியபோது ஏனோ திருப்பி வாசித்தேன். வேர், இலை, பூ, எல்லாப் பகுதியும் நஞ்சு, உட்கொள்ளக் கூடாது. அட்டையின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. கையுறையோடு தொலைபேசியின் பொத்தான்களை அழுத்த முடியவில்லை. கழற்றி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். எடுத்த பெண்ணுக்குச் செடியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். டொக்டரிடம் சொல்வதாகச் சொன்னாள். அவளுடைய பெயரைக் கேட்க மறந்தேன். நேரம் குறித்திருக்கிறேன்: 10.40.

பின்னேரம் போனபோது அண்ணையின் நெஞ்சில் வயர்கள் இருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, பூ, நான் மொழிபெயர்க்காமல் விட்டது. திரையில் பச்சைக் கோடு மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

“நீ சிவப்பைத்தானே தொடாதையெண்டனீ” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை.

தை மாதம் அவருடைய நெஞ்சுக்குள் துடிப்புக் கருவி வைத்தார்கள். மாசியில் பொபினிப் புறநகரில் இருக்கிற தன் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். படிகளைக் காரணம் சொன்னார். எங்கள் அறை இரண்டாம் மாடி. மச்சான் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை.

போகும்போது ஆஸ்பத்திரிக் கடிதத்தின் பிரதியை எனக்குத் தந்தார். பல முறை வாசித்துவிட்டேன். நாடி மிக மெதுவானது; காரணம் தெளிவாகவில்லை; கருவி பொருத்தப்பட்டது. செடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் சொன்னதை டொக்டர் கேட்டு, பொருட்படுத்தாமல் விட்டாரா, அல்லது அது அவரிடம் போய்ச் சேரவே இல்லையா? சேர்ந்திருந்தால் அந்தக் கருவி தேவைப்பட்டிருக்குமா? 2011இலும் 2013இலும் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டேன். உறவினர் அல்லாதவருக்குச் சொல்ல முடியாது என்று இரண்டு முறையும் பதில் வந்தது. ஆகவே அந்த 10.40 அழைப்பு யாரிடம் போனது என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.