வாரில் ஒரு கத்திக்குத்தான் இடம்

என் வாப்பா முடிவெடுக்க முடியாமல் ஒரு வாரம் முழுக்கத் தவித்ததை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு கத்தி விஷயத்தில்.

மாத்தளை டவுனில் எங்களுக்குக் கொக்கோக் கடை. விற்கிற கடை அல்ல, வாங்குகிற கடை. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் காய்ந்த கொக்கோக் கொட்டை சாக்குச் சாக்காக வந்து இறங்கும். வாப்பா சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஒவ்வொரு கொட்டையாக நெடுக வெட்டிப் பார்ப்பார். உள்ளே மண்ணிறமாக இருந்தால் பக்குவமாகப் புளிக்கவைத்துக் காயப்போட்டது. ஊதாவாக இருந்தால் அவசரக்காரன் வேலை. சாக்கின் மேலே நல்லதும் அடியில் ஊதாவும் வைத்துக் கொண்டுவருபவர்கள் வாப்பாவின் கத்தியைக் கண்டாலே தலையைச் சொறிவார்கள்.

அந்தக் கத்தி மடக்குகிற வில்லுக்கத்தி. எருமைக்கொம்புப் பிடி, ஒரே ஒரு அலகு. தீட்டித் தீட்டியே அலகு பாதியாக மெலிந்திருந்தது. கொக்கோ வெட்டுவது, சாக்குத் தையலை அறுப்பது, தெருவில் யாராவது கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தால் பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுப்பது எல்லாம் அதில்தான். அந்தக் காலத்து முஸ்லிம் வியாபாரிகள் சாரத்துக்கு மேல் அகலமான தோல் வார் கட்டுவார்கள். வாரில் சின்னச் சின்னப் பைகள் தைத்திருக்கும். வாப்பாவின் வாரில் கத்திக்கென்று ஒரு பை இருந்தது. அதில் ஒரு கத்திக்குத்தான் இடம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. வாப்பா வழக்கமாகக் கொக்கோ வாங்கும் தோட்டத்துத் துரையும் புறப்படத் தயாரானார். விடை சொல்லப் போன வாப்பா, நான் அழுது அடம்பிடித்ததால் என்னையும் கூட்டிப் போனார். எனக்கு அப்போது எட்டு வயது. பங்களா வராந்தாவில் துரை தன் கால்சட்டைப் பையிலிருந்து சிவப்புக் கத்தி ஒன்றை எடுத்து, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். பெரிய அலகு, சின்ன அலகு, டின் வெட்டுவது, ஆணி முறுக்குவது, கத்தரி, தோலில் துளை போடும் ஊசி, நகம் தேய்க்கும் அரம். முதுகுப் பக்கத்தில் தனியாக ஒரு சுருள் கம்பி. கம்பியைக் காட்டத் துரை மேசையிலிருந்த போத்தலின் தக்கையில் அதைத் திருகிச் செருகி ஒரு இழுப்பு இழுத்தார். தக்கை வெளியே வந்தது. துரை தனக்கு ஒரு கிளாஸில் ஊற்றிக்கொண்டார். நல்ல சிவப்பு. நன்னாரி சர்பத் என்று நான் நினைத்தேன். வாப்பாவுக்கும் எனக்கும் பங்களாச் சமையற்கார அப்பு எலுமிச்சை பிழிந்து தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொண்டுவந்தார். சீனி அதிகம், பனிக்கட்டி வேறு போட்டிருந்தது. நான் வாழ்நாளில் குடித்த முதல் பனிக்கட்டித் தண்ணி அதுதான். கடைசியில் துரை கத்தியை மடக்கி வாப்பாவின் கையில் வைத்தார். இவ்வளவு வருஷம் நேர்மையாக எடை போட்டதற்கு என்று சிங்களத்தில் சொன்னார்.

அன்றிலிருந்துதான் தவிப்பு. புதுக் கத்தியை வாரில் வைத்தால் பழையது வெளியே, பழையதை வைத்தால் புதியது வெளியே. ஒரு நாள் இது, ஒரு நாள் அது. புதுக் கத்தி தராசின் கழன்ற ஆணியை முறுக்கித் தந்தது, மீன் டின்னை வெட்டியது, உம்மாவின் நூலைக் கத்தரித்தது. ஆனால் கொக்கோ வெட்ட எடுத்தால் அலகுக்குப் பதில் டின் வெட்டுவது வரும். திரும்ப இழுத்தால் ஆணி முறுக்குவது வரும். அதற்குள் கொக்கோக்காரன் சாக்கை மாற்றிவிடுவான். பக்கத்து வீட்டு மாமி கோழியோடு வந்தபோது வாப்பா புதுக் கத்தியைத் திறந்து, பெருவிரலால் தடவிப் பார்த்து, மூடி வைத்துவிட்டுப் பழையதைக் கொண்டுவரச் சொன்னார். கோழிக்கு வேதனை கொடுக்கக் கூடாதாம்.

உம்மாவின் தீர்ப்பு ஒரே வரி. "எட்டு வேலைக்கு எட்டு ஈக்குது. நீங்க பாக்கிறது ஒரு வேலதானே."

நான் புதுக் கத்திக் கட்சி. அதை எனக்குத் தொடக் கொடுக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

வீட்டில் அதைவிடப் பெரிய தலையிடி ஒன்று அதே வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும்தான் கூப்பிடுவோம். தாத்தாவுக்குப் பதினாறு வயது. டிசம்பரில் எஸ்.எஸ்.ஸி. சோதனை. டீச்சராக வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். விடிய முன்னால் எழும்பி, அடுப்படியில் குந்திக்கொண்டு, நதிகளின் பெயர்களை ஒப்புவிப்பாள். அப்போதுதான் பெரியப்பா உக்குவளைப் பக்கத்து ஹாஜியார் ஒருவரின் மகனைப் பேசிக்கொண்டு வந்தார். நல்ல குடும்பம், ஐந்து வேளைத் தொழுகையும் தவறாத வீடு. நிக்காஹ் நோன்புக்கு முன்னால் வைக்க வேண்டும், மருமகள் படிக்கப் போவது அவர்களுக்குச் சரிவராது. தாத்தா ஒரு பகல் முழுக்கச் சாப்பிடவில்லை. வாப்பா அவளிடம் போய் நின்றார், சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் திரும்பி வந்தார். பெரியப்பாவை எதிர்த்து அவர் ஒரு சொல் பேசியதில்லை. சின்ன வயதில் தகப்பனை இழந்த வாப்பாவைத் தூக்கி வளர்த்தவர் பெரியப்பா. கடை போட்டுக் கொடுத்தவரும் அவர், உம்மாவைப் பேசி முடித்தவரும் அவர். மாட்டேன் என்று அவருக்குச் சொல்வதை வாப்பாவால் நினைத்தும் பார்க்க முடியாது.

பெண் பார்க்க வரும் நாள் காலையில் வாப்பா இரண்டு கத்திகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு எத வெக்க மகள், வாருல?"

அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"புதுசு வாப்பா. அதுலதான் எல்லாம் ஈக்குது."

"ஓ," என்றார் வாப்பா. சிவப்புக் கத்தியை எடுத்து வாரில் செருகினார்.

ஹாஜியார் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாகப் பெரியப்பாவோடு வந்தார். கூட வந்த பெண்கள் உள்ளே போனார்கள். ஆண்களுக்குச் சோறு, பிறகு இனிப்புக்கு வட்டலப்பம் வரும் என்று சொன்னார்கள். அதற்கு இடையில் ஹாஜியார் கொக்கோவைப் பார்க்க ஆசைப்பட்டார். கடைக்குப் பின்னால் படங்குத் துணி விரித்துக் காயப்போட்டிருந்த இடத்துக்கு எல்லோரும் போனோம். நான் எட்டு வயதுக்காரி என்பதால் என்னை யாரும் உள்ளே விரட்டவில்லை.

வாப்பா ஒரு பிடி கொட்டையை அள்ளி, வாரிலிருந்து கத்தியை எடுத்து, நகத்தால் இழுத்தார். சுருள் கம்பி வெளியே வந்தது.

அந்த வாரம் முழுக்க வாப்பாவின் நகத்தில் தவறி வந்ததெல்லாம் டின் வெட்டுவதும் ஆணி முறுக்குவதும்தான், ஏனென்றால் அவை அலகுக்குப் பக்கத்தில் இருப்பவை. சுருள் கம்பி முதுகுப் பக்கம். கத்தியைத் திருப்பிப் பிடித்தால்தான் அதை எடுக்க முடியும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. வாப்பா மறுபடி பிழையாகத் திறந்துவிட்டாரே என்று வெட்கப்பட்டேன்.

ஹாஜியார் குனிந்து பார்த்தார். "இது என்னத்துக்கு, இப்பிடிச் சுருண்டு ஈக்குது?"

வாப்பா என் பக்கம் திரும்பினார். "துரை காட்டினத நீங்க செல்லுங்க மகள்."

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். போத்தல், தக்கை, திருகல், இழுப்பு, கிளாஸில் ஊற்றிய நல்ல சிவப்பு என்று கையால் செய்தும் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகம் மாறியதைக் கண்டு, நான் நன்றாகச் சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

"வாப்பாவும் ஒரு கிளாஸ் குடிச்சாங்க. எனக்கும் தந்தாங்க. நல்ல இனிப்பு."

ஹாஜியார் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இந்தப் புள்ளையுமா," என்றார் மெதுவாக.

பெரியப்பாவின் முகம் கறுத்துப் போனது. "தம்பி, புள்ள செல்றது உண்மையா?"

வாப்பா கத்தியை மடக்கினார். "புள்ள பொய் செல்லாது நானா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேசிக்காய்த் தண்ணி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். வாப்பாவின் கை என் தோளில் வந்து அழுத்தியது. வலிக்கிற அளவுக்கு இல்லை, ஆனால் நான் வாயை மூடிக்கொள்ளும் அளவுக்கு. ஹாஜியார் அஸர் தொழுகைக்கு ஊர் போய்ச் சேர வேண்டும் என்றார். உள்ளேயிருந்த பெண்கள் அவசரமாகச் செருப்பைத் தேடினார்கள். வட்டலப்பம் தட்டோடு அப்படியே கிடந்தது. பெரியப்பா வாசலில் நின்று வாப்பாவைப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு அவர்களோடேயே போய்விட்டார்.

நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. என்ன செய்தேன் என்பது தெரியவில்லை. அடி விழும் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். யாரும் அடிக்கவில்லை. உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார், ஆனால் என்னைத் திட்டவில்லை. தாத்தா அடுப்படியிலிருந்து வந்து, என்னை மூச்சுமுட்டக் கட்டிப்பிடித்து, கன்னத்தைக் கடித்துவிட்டு, தன் பங்கு வட்டலப்பத்தையும் எனக்கே தந்தாள். கல்யாணம் குழம்பிய பெண் அழ வேண்டுமல்லவா. அவள் பின்னேரமே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பெரியப்பா அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. வாப்பாவைப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் சேர்ப்பதாக இருந்தது, அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. ஜும்ஆவில் சிலர் அவருக்குப் பக்கத்தில் ஸப்பில், தொழுகை வரிசையில், நிற்காமல் நகர்ந்து நின்றதை என் மச்சான் ஒருவன் பின்னாளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் வைக்காத மனிதர். தேசிக்காய்த் தண்ணி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அண்ணனிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாதவர், ஹாஜியாரே மாட்டேன் என்று சொல்லும்படி செய்துவிட்டு, அதற்குத் தன் நல்ல பெயரைக் கொடுத்தார். காலையில் கத்தியைக் காட்டி என்னிடம் கேட்டபோதே முடிவெடுத்துவிட்டாரா, இல்லை கொக்கோவைக் கையில் பிடித்தபோது வந்த யோசனையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தாத்தா சோதனை எழுதினாள், பாஸ் பண்ணினாள், வில்கமுவவில் ஒரு நாளைக்கு ஒரே பஸ் போகிற ஒரு ஸ்கூலுக்கு டீச்சராகப் போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவர் வாப்பாதான்.

இதெல்லாம் வளர்ந்த பிறகு கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னால் வாப்பாவுக்கு ஏதோ கெட்ட பெயர் வந்துவிட்டது என்பதுதான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வாப்பாவிடம் போனேன். நாங்கள் குடித்தது தேசிக்காய்த் தண்ணிதான் என்று உக்குவளைக்குப் போய் ஹாஜியாரிடம் சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

வாப்பா என்னைத் தூக்கிச் சாக்கின் மேல் உட்காரவைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அதற்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

"வேணாம் மகள். அத ஆருக்கிட்டயும் செல்லாதீங்க. கேட்டாலும் செல்லாதீங்க."

நான் அதை வெகுநேரம் யோசித்தேன். யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு காரணம்தான் பிடிபட்டது. தேசிக்காய்த் தண்ணியும் ஹராம் போலும். அடுத்து வந்த நோன்பில், நோன்பு திறக்கும் நேரம் உம்மா எல்லோருக்கும் அதைத்தான் கரைத்து வைத்தார். முப்பது நாளும் நான் தொடவில்லை. ஏன் என்று உம்மா கேட்டார், தாத்தா கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை.