சத்தியபாய் புதுப்பித்த புத்தகம்

என் சித்தி சத்தியபாய்க்குப் பிள்ளை கிடையாது. சித்தப்பா ராஜையன் கிறிஸ்தவ சபையின் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தே தேய்ந்தவர். அவர் காய்ச்சலில் இறந்தபோது அவளுக்கு மிஞ்சியது நாகர்கோவிலில் ஒரு ஓட்டு வீடும் ஒரு பழைய வேத விளக்கப் புத்தகமும்தான். தரங்கம்பாடியில் அச்சானது அது. அதன் ஓரமெல்லாம் சித்தப்பா பேனாவால் எழுதிவைத்திருந்தார். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எந்த ஊர் சபையார் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்றெல்லாம். புத்தகத்தில் கிறுக்கினால் மிஷன் பள்ளிக்கூடத்தில் அடி விழும். அங்கே படித்த சித்திக்கு அந்த ஓர எழுத்து தீராத அவமானம்.

1931-ல், சென்னை நூலகம் ஒன்றுக்காகப் பழைய அச்சுப் புத்தகங்களைத் தேடி ஒரு பேராசிரியர் வந்தார். முதல் தாளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஓரத்தில் எழுதியிருந்ததையும் விடாமல் படித்தார்.

"இதை நூலகத்துக்குக் கொடுங்கள், அம்மா. உங்கள் வீட்டுக்காரர் பெயரிலேயே வைக்கிறோம். கிறிஸ்துமஸ் கழிந்து வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.

சித்திக்குக் கால் தரையில் பாவவில்லை. தனக்குப் பிறகு சித்தப்பாவின் பெயரைச் சொல்ல ஆளில்லையே என்று அழுதுகொண்டிருந்தவள் அவள்.

"கெட்டிக்குடுக்கிற பெண்ணைக் கிழிஞ்ச சேலையோடயா ஏட்டி அனுப்புவாவ?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, புத்தகத்தைப் பைண்டர் தங்கையனிடம் கொண்டுபோனாள்.

தங்கையன் குறை வைக்கவில்லை. பூச்சி அரித்த முதல் தாள்களை எடுத்துவிட்டார். நாலு ஓரத்தையும் கத்தியால் ஒழுங்காக நறுக்கினார். தோல் அட்டை போட்டு, 'உபதேசியார் ராஜையன்' என்று தங்க எழுத்தில் பொறித்துக் கொடுத்தார்.

தை மாதம் பேராசிரியர் வந்தார். புத்தகத்தைப் புரட்டினார், மறுபடி முதலிலிருந்து புரட்டினார். முகம் செத்துப்போயிற்று.

"அச்சான ஊரும் வருஷமும் அந்த முதல் தாளில்தான் இருந்தன, அம்மா. அது இல்லாமல் நான் என்ன சொன்னாலும் நூலகத்தில் ஒப்பமாட்டார்கள். அதுகூடப் போகட்டும். உங்கள் வீட்டுக்காரர் ஓரத்தில் எழுதியது உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாதே!"

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு இன்றைக்கும் அவர்மேல் ஆத்திரம்தான். அத்தனை படித்தவர், தொடாதீர்கள் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயா வலித்திருக்கும்?

சித்தி தலைமுடியைக்கூட முடியாமல் தங்கையன் வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"அந்தத் தாளும் துண்டும் எங்க தங்கையா?"

"வேதக்கோவிலுக்குப் புதுசாட்டு பாட்டுப்புத்தகம் கெட்டினேம்லா அக்கா? அதுகளுக்க அட்டைக்குள்ள வச்சு ஒட்டிட்டேன். பழைய தாளெல்லாம் அப்பிடித்தான் போவும். எதுல எது போச்சுன்னு எனக்குத் தெரியாது."

விஷயம் தெரிந்து, போதகரான சபை ஐயர் இரக்கப்பட்டார். வேண்டுமானால் அட்டைகளைப் பிரித்துப் பார்க்கலாம் என்றார். சித்தி மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஒரு புத்தகத்த வெட்டிக் கொன்னது போதும் ஐயரே."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் பாடி நான் கேட்டதில்லை. வாரத்துக்கு ஒரு பாட்டுப்புத்தகமாக எடுத்து மடியில் வைத்து, அட்டையைத் தடவிக்கொண்டிருப்பாள். சபையே எழுந்து நின்று பாடும்போது என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்பாள்:

"ஏட்டி, இதுக்குள்ள இருப்பாரோ?"